மூக்கில் ஏறும் காரம்: கடுகு பற்றி வாசகர் கேள்விகள்

பச்சைக் கடுகை அரைத்துச் சேர்க்கும் பச்சடி ஒன்றைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் பலவும் கடுகின் காரத்தைப் பற்றியே கேட்டிருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் கடுகுக்கே ஒதுக்கியிருக்கிறேன். தாளிப்பதற்கென்று மட்டும் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருக்கும் இந்தப் பொருளிடமிருந்து நம் வீடுகளில் பலரும் பாதிச் சுவையைத்தான் பெறுகிறோம் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களில் அந்த எண்ணம் வெளிப்படையாகவே தெரியும்.

வெறும் கடுகை வாயில் போட்டால் உடனே காரம் தெரிவதில்லை. தாளித்த கடுகிலும் காரம் இல்லை. அரைத்துக் கலந்தால் மட்டும் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. கடுகு ஒன்றுதானே, இந்த வேறுபாடு எதனால்?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

முழுக் கடுகுக்குள் காரம் கிடையாது. காரம் உண்டாவதற்கு வேண்டிய இரண்டு பொருள்கள்தாம் இருக்கின்றன. ஒன்று சினிக்ரின் என்னும் கசப்பான சேர்மம், மற்றொன்று மைரோசினேஸ் என்னும் நொதி. இரண்டும் ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கப்பட்டவை போல, விதைக்குள் வெவ்வேறு இடங்களில் அடைபட்டுக் கிடக்கின்றன. விதை உடைந்து ஈரமும் பட்டால்தான் அவை ஒன்றுசேரும். அப்போது நொதி சினிக்ரினைப் பிளந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் காரமான எண்ணெய்ப் பொருளை உண்டாக்குகிறது. கடித்துத் தின்ன வரும் பூச்சியைத் துரத்துவதற்காகச் செடி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. நாம்தான் அதைச் சுவையாக்கிக்கொண்டோம்.

கடுகை மென்றவுடன் காரம் தெரியாமல், சில நொடிகள் கழித்து உமிழ்நீரில் நனைந்த பிறகே சுள்ளென்று ஏறுவது இதனால்தான். காய்ந்த எண்ணெயில் போட்ட கடுகில் நடப்பது வேறு. எண்ணெயின் சூட்டில் நொதி ஒரு கணத்தில் செயலிழந்துவிடுவதால், அதன்பின் எவ்வளவு மென்றாலும் காரம் பிறக்க வழியில்லை. வறுத்த பருப்பைப் போன்ற மணமும் இலேசான கசப்பும் மட்டுமே எஞ்சும். தாளிப்புக்கு வேண்டியதும் அந்த மணம்தான் என்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். எண்ணெய் சரியாகக் காயாமல் கடுகு பாதி பொரிந்தும் பாதி பொரியாமலும் இருந்தால் பச்சைக் கசப்பு நின்றுவிடும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

மிளகாயின் காரத்தோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் விளங்கும். மிளகாயின் காரப்பொருள் எளிதில் ஆவியாகாது. அது நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் எரியும். கடுகின் காரம் ஆவியாக எழக்கூடியது. வாயில் வைத்ததும் தொண்டையின் பின்புறமாக மூக்குக்குள் ஏறி, நெற்றிவரை சென்று, அரை நிமிடத்துக்குள் தடமில்லாமல் மறைந்துவிடும். வந்த வேகத்திலேயே போய்விடுவதால்தான் அடுத்த வாய்க்கும் மனம் தயாராகிவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மஞ்சள் நிறக் கடுகுத்தூள் டப்பா வீட்டில் இருக்கிறது. கொதிக்கும் நீர் ஊற்றிக் குழைத்தேன். காரமே இல்லாமல் கசந்தது. தூள் பழையதாகியிருக்குமா?
– சென்னை, அண்ணாநகரிலிருந்து ஒரு வாசகர்

தூளின் மீது குற்றமில்லை. நீங்கள் ஊற்றிய கொதிநீர்தான் காரணம். காரத்தை உண்டாக்க வேண்டிய நொதி அந்தச் சூட்டில் அழிந்துவிட்டது. மிஞ்சியது சினிக்ரினின் கசப்பு. அடுத்த முறை இரண்டு தேக்கரண்டித் தூளுக்கு ஏறத்தாழ அதே அளவு குளிர்ந்த குடிநீர் சேர்த்துக் கட்டியில்லாமல் குழைத்து, மூடி போட்டுப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். உப்பு, சர்க்கரை, வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில் எது சேர்ப்பதாக இருந்தாலும் அந்த நேரம் கழிந்த பிறகே சேருங்கள். புளிப்பு முதலிலேயே விழுந்தால் நொதியின் வேலை மந்தமாகிவிடும். காரம் முழுமையாக உருவாகிய பின் விழுந்தாலோ, அந்தக் காரம் சிதையாமல் நிலைக்கத் துணைசெய்யும். வெறும் நீரில் குழைத்த கடுகு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தளரத் தொடங்கும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே குழைப்பது நல்லது.

நீங்கள் சொல்லும் மஞ்சள் டப்பா, பெரும்பாலும் இங்கிலாந்தின் கோல்மன்ஸ் கடுகுத்தூளாக இருக்கும். 1814ஆம் ஆண்டு ஜெரமையா கோல்மன் என்பவர் நார்விச் நகருக்கு அருகே ஒரு மாவு ஆலையை எடுத்துக் கடுகு அரைக்கத் தொடங்கியதிலிருந்து அந்நிறுவனத்தின் வரலாறு தொடங்குகிறது. அதற்கும் முன்பாக, 1720ஆம் ஆண்டு வாக்கில் டர்ஹாம் நகரைச் சேர்ந்த கிளெமென்ட்ஸ் என்னும் பெண்மணி, கோதுமையை அரைத்துச் சலிப்பதுபோலக் கடுகையும் அரைத்துத் தோல் நீக்கி மென்மையான மாவாக விற்றார் என்று சொல்லப்படுகிறது. ஆங்கிலேயக் கடுகுத்தூளில் வெண்கடுகையும் பழுப்புக் கடுகையும் கலந்து அரைப்பது மரபு. வெண்கடுகில் இருப்பது சினிக்ரின் அன்று, சினால்பின் என்னும் வேறொரு சேர்மம். அதிலிருந்து பிறக்கும் காரம் ஆவியாகாமல் நாக்கிலேயே நிற்கும்; பழுப்புக் கடுகின் காரமோ மூக்குக்கு ஏறும். இரண்டும் சேரும்போது காரம் இரண்டு இடத்திலும் தெரிகிறது. அங்கே வறுத்த மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் ஓரத்தில் சிறிது வைத்துக்கொள்வார்கள். நம் வீட்டில் அவித்த முட்டைக்கும், உருளைக்கிழங்கு வறுவலுக்கும், கட்லெட்டுக்கும் இது மிகப் பொருத்தமாக இருக்கும். ஒரு மிளகளவு போதும்.

நாங்கள் சைவ உணவு உண்பவர்கள். பச்சைக் கடுகின் காரத்தை அனுபவிக்கும் உணவுகள் நம் தென்னாட்டுச் சமையலில் உண்டா, அல்லது இது மேலை நாட்டாரின் பழக்கம் மட்டும்தானா?
– திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி

உண்டு, நிறையவே உண்டு. நான் மிகவும் விரும்பிப் பதில் எழுதும் கேள்வி இது. மாவடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிஞ்சு மாங்காயை விளக்கெண்ணெயில் பிசறி உப்பிட்டு வைத்து, அது நீர் விட்டுத் தோல் சுருங்கத் தொடங்கியதும், அந்த உப்பு நீரிலேயே கடுகையும் மிளகாயையும் மஞ்சளையும் அரைத்துச் சேர்க்கிறோம். ஜாடியைத் திறந்ததும் எழும் அந்த நெடியில் கடுகின் பங்கு பெரியது. தயிர்சாதத்துக்கு மாவடுவைக் காட்டிலும் அந்தத் தண்ணீரையே கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் விரும்புவது கடுகின் காரத்தைத்தான். வைணவ இல்லங்களில் செய்யும் கடுகோரை என்னும் சாதத்திலும், புளிப்போடு அரைத்த கடுகு சேர்வதால் புளியோதரைக்கு இல்லாத ஒரு சுருக்கென்ற காரம் வந்துவிடுகிறது.

ஆந்திரத்து ஆவக்காய் ஊறுகாயில் கடுகுத்தூள் சற்றே தூவப்படும் பொருளன்று. மிளகாய்த்தூளுக்கும் உப்புக்கும் ஈடான அளவில் சேரும் முதன்மைப் பொருள். வெட்டிய மாங்காயின் ஈரத்தில் அந்தத் தூள் நனைந்து காரமாகி, நல்லெண்ணெயின் அடியில் அடைபட்டு நிற்கிறது. போட்ட அன்றே எடுத்துச் சுவைத்தால் கசக்கும். மூன்றாம் நாள் ஜாடியைத் திறந்து அடிவரை கிளறிவிடும் வழக்கம் அங்கே உண்டு. அதற்குள் கசப்பு அடங்கி, காரமும் புளிப்பும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். கடுகின் காரப்பொருள் நுண்ணுயிர்களை வளரவிடாமல் தடுக்கக்கூடியது என்பதால், ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது. ஆந்திர வீடுகளில் வாழைக்காய்ப் பொரியலுக்கும் பலாப்பிஞ்சுப் பொரியலுக்கும், அடுப்பை அணைத்த பிறகு, கடுகையும் வற்றல் மிளகாயையும் அரைத்த விழுதைப் போட்டுப் பிரட்டும் ஒரு முறை இருக்கிறது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது அந்த விழுதைப் போடவே கூடாது என்பதில் அவ்வூர்ப் பெண்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். நொதியைப் பற்றி யாரும் சொல்லித்தராமலே, கைப்பழக்கத்தில் கண்டறிந்த உண்மை அது.

கன்னட நாட்டில் சாசிவே என்ற பெயரில் கடுகு, தேங்காய், தயிர் சேர்த்துக் காய்களைக் கலக்கிறார்கள். யுகாதி நாளில் மாங்காயையும் கடுகையும் அரைத்துச் சித்திரான்னம் செய்வதும் அங்கே வழக்கம். கோவாவில் பழுத்த மாம்பழத்தையே தேங்காய், கடுகு அரைத்த குழம்பில் போட்டுச் சாசவ் செய்கிறார்கள். இனிப்புக்கு நடுவே கடுகின் காரம் எட்டிப் பார்க்கும் அந்தச் சுவையை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். கேரளத்து ஓணவிருந்தில் வெள்ளரிக்காய், அன்னாசி ஆகியவற்றில் செய்யும் பச்சடிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சென்ற மாதம் எழுதிய பச்சடியின் முறையை, புதிய வாசகர்களுக்காக மீண்டும் சுருக்கமாகத் தருகிறேன். துருவிய தேங்காய் மூன்று மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் இரண்டு, சிறிது நீர் ஆகியவற்றை மிக்ஸியின் சின்ன ஜாரில் வெண்ணெய்போல் அரைத்துக்கொண்டு, கடைசியாக அரைத் தேக்கரண்டிக் கடுகைப் போட்டு, அது ஒன்றிரண்டாக உடையும்வரை மட்டும் இரண்டு மூன்று முறை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். அந்த விழுதைப் பத்து நிமிடம் மூடி வைத்த பிறகே, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயும் உப்பும் கலந்த ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் சேருங்கள். கடுகை நேரே தயிரில் தூவினால், தயிரின் புளிப்பு காரத்தை மலரவிடாது. இறுதியில் தேங்காயெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால், பொரிந்த கடுகின் மணமும் அரைத்த கடுகின் நெடியும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கும். வெயில் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இதற்கு இணையான தொட்டுகை எனக்குத் தெரிந்து வேறில்லை.

வங்காள நண்பர் வீட்டில் கடுகு அரைத்து ஊற்றிய மீன் சாப்பிட்டேன். அதே முறையில் வீட்டில் செய்தபோது குழம்பு கசந்து, எடுத்துக் கொட்டும்படி ஆகிவிட்டது. தவறு எங்கே?
– நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்

கசப்புக்கு மூன்று வாயில்கள் உண்டு: கடுகின் தேர்வு, அரைக்கும் விதம், சமைக்கும் நேரம். வங்காளத்தில் கறுத்த கடுகை மட்டும் அரைக்காமல், மஞ்சள் கடுகையும் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்வது பலருடைய வழக்கம். கறுத்தது காரத்துக்கு, மஞ்சள் மென்மைக்கு. இரண்டையும் கழுவி, உப்பிட்ட நீரில் பதினைந்து இருபது நிமிடம் ஊறவைத்து, ஒரு பச்சை மிளகாயும் சிறிது உப்பும் கூட்டியே அரைக்க வேண்டும் என்பது அங்கே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லித்தரும் பாடம். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் சூடாகிக் கசப்பு தலைதூக்கும். ஆகவே விட்டு விட்டு அரையுங்கள். அரைத்த விழுதை வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தித் தோலைத் தனியே பிரித்துவிட்டால் கசப்பு மேலும் குறையும். அம்மியில் அரைப்பவர்களுக்குச் சூடு பற்றிய கவலை இல்லை. கொஞ்சம் தேங்காயோ கசகசாவோ சேர்த்து அரைத்தால் விழுது இன்னும் சாந்தமாகும்.

சமையலில் நீங்கள் விழுதை எண்ணெயில் போட்டு வதக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் மீன்குழம்பில் மசாலாவை எண்ணெய் பிரியும்வரை வதக்கிப் பழகிய கை அப்படித்தான் செய்யும். கடுகு விழுதுக்கு அந்த முறை ஒத்துவராது. வதக்க வதக்கக் காரம் ஆவியாகிப் போய், கசப்பே மிஞ்சும். விழுதை நீரில் கரைத்துக் கொதிவந்த குழம்பில் கடைசியாக ஊற்றி, மீன் வெந்ததும் இறக்கிவிட வேண்டும்.

முதன்முதலில் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆவியில் வேகவைக்கும் முறை. மீன் துண்டங்களில் உப்பும் மஞ்சள்தூளும் தடவி, கடுகு விழுது, இரண்டு மேசைக்கரண்டிப் பச்சைக் கடுகெண்ணெய், கீறிய பச்சை மிளகாய் ஆகியவற்றோடு பிசறி, இறுக மூடும் எவர்சில்வர் டிபன் டப்பாவில் அடுக்கி, இட்லிப் பானையில் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். டப்பா மூடியிருப்பதால் எழும் ஆவி வெளியே ஓடாமல் மீனிலேயே இறங்குகிறது. திறந்த சட்டியில் செய்வதைவிடக் கடுகின் வாசம் நன்றாகவே நிற்கும். சாப்பிட உட்காரும்போதுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். வங்காளிகள் இதை இலிஷ் மீனில் செய்து மழைக்காலத்தைக் கொண்டாடுகிறார்கள். உங்கள் ஊர்க் கடற்கரையில் கிடைக்கும் இறாலும் வஞ்சிரமும்கூட இதற்கு நன்றாக இசையும். சைவர்கள் பனீர்த் துண்டங்களைக் கொண்டு இதே முறையில் செய்து பார்க்கலாம்.

வங்காளத்தின் காசுந்தி என்னும் கடுகுச் சாந்தையும் ஒருமுறை வாங்கிச் சுவைத்துப் பாருங்கள். கடுகைக் கழுவி உலர்த்திக் காசுந்தி போடும் வேலையை அட்சய திருதியை அன்று தொடங்குவது பழைய மரபு. கடைகளில் விற்கும் சில வகைகளில் சர்க்கரையும் மைதாவும் கூடுதலாக இருப்பதால், புட்டியின் பின்புறத்தைப் படித்துவிட்டு, கடுகு முதலிடத்தில் இருப்பதையே எடுங்கள்.

2022இல் பிரான்சில் கடுகுத் தட்டுப்பாடு என்று செய்தி வந்தது. நாங்கள் வாழும் கனடாவின் வறட்சியே அதற்குக் காரணம் என்றார்கள். டிஜோன் கடுகு என்பது பிரான்சில் விளைவதுதானே?
– டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி

டிஜோன் என்பது ஊரின் பெயர்தான். ஆனால் டிஜோன் கடுகு என்னும் பெயர் இன்று குறிப்பது ஒரு செய்முறையை. அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கிடையாது. எந்த நாட்டிலும் செய்து அப்பெயரில் விற்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், டிஜோன் நகரில் வினிகருக்குப் பதிலாகப் பழுக்காத திராட்சையின் புளிப்பான சாற்றை ஊற்றிக் கடுகை அரைத்ததிலிருந்து அதன் புகழ் வளர்ந்தது. பிற்காலத்தில் டிஜோன் அமைந்துள்ள பர்கண்டி வட்டாரத்தில் கடுகுச் சாகுபடி சுருங்கிப்போனதால், ஆலைகள் விதைக்குப் பெரும்பாலும் கனடாவையே நம்பத் தொடங்கின. உங்கள் நாட்டின் சஸ்காட்சவன் மாகாணம் உலகக் கடுகு வணிகத்தின் பெரிய விளைநிலங்களுள் ஒன்று. 2021ஆம் ஆண்டின் கடும் வெப்பத்திலும் வறட்சியிலும் அங்கே விளைச்சல் பெரிதும் சரிந்தது. உக்ரைன் போரும் சேர்ந்துகொள்ள, அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கடைகளின் அலமாரிகள் காலியாயின. ஒருவருக்கு ஒரு புட்டிதான் என்று பல கடைகளில் எழுதி வைத்தார்கள். உள்ளூர் விதையையும் உள்ளூர் வெள்ளைத் திராட்சை மதுவையும் கொண்டே செய்யப்படுவது வேண்டுமானால், பர்கண்டிக் கடுகு என்று பெயர் ஒட்டிய புட்டியைத் தேடுங்கள். 2009 முதல் அதற்குத்தான் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது.

டிஜோன் கடுகைச் சாலட்டுக்குப் பயன்படுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் பிரிந்துவிடும். அரைத் தேக்கரண்டிக் கடுகுச் சாந்து சேர்த்துக் கலக்கினால், கடுகில் உள்ள பசைத்தன்மை இரண்டையும் நெடுநேரம் பிரியாமல் பிடித்து வைத்திருக்கும். அமெரிக்க நாடுகளில் ஹாட் டாக்குக்குப் பிழியும் பளிச்சென்ற மஞ்சள் சாந்து வெண்கடுகிலும் வினிகரிலும் செய்தது; அதன் நிறம் நம் மஞ்சள்தூளின் நிறம். குழந்தைகளுக்கு அது பிடிக்கலாம். காரம் தேடுவோருக்கு அது போதாது.

ஜப்பானிய உணவகத்தில் கொடுத்த கடுகு, எங்கள் வீட்டுக் கடுகைவிடப் பல மடங்கு காரமாக இருந்தது. அது வேறு விதையா? மூக்கில் ஏறிவிட்டால் என்ன செய்வது?
– சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

வேறு விதையன்று. கராஷி என்று அவர்கள் சொல்லும் அந்தச் சாந்து, நாம் தாளிக்கும் பழுப்புக் கடுகின் இனத்திலிருந்தே செய்யப்படுகிறது. வினிகரோ மாவோ கலந்து மென்மையாக்காமல், தூளை ஏறத்தாழ 40 பாகை வெதுவெதுப்பான நீரில் கெட்டியாகக் குழைத்து, கிண்ணத்தையே கவிழ்த்து வைத்து ஆவி போகாமல் காப்பதால்தான் அந்த வீரியம். ஓடென் என்னும் குளிர்காலக் கொதிகறிக்கும், பன்றி இறைச்சிக் கட்லெட்டுக்கும், நாட்டோ என்னும் புளித்த சோயாவுக்கும் அதைத் தொட்டுக்கொள்கிறார்கள். வசாபி என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் பச்சைச் சாந்திலும் பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமுமே இருக்கும். மூன்று செடிகளிலும் காரத்தைத் தருவது அதே அல்லைல் ஐசோதயோசயனேட்தான் என்பதால் நாக்குக்கு எளிதில் வேறுபாடு தெரிவதில்லை.

மூக்கில் ஏறிவிட்டால் பதற்றப்பட்டு வாயால் மூச்சை உள்ளே இழுக்காதீர்கள். ஆவி நேரே தொண்டைக்குள் போய் இருமல் வரும். மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் மெல்ல வெளியே விடுங்கள். சில நொடிகளில் தணிந்துவிடும்.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் வெண்கடுகைச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா?
– மதுரையிலிருந்து ஒரு வாசகி

தூபத்துக்கென்று விற்கும் வெண்கடுகைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அது உணவுக்குரிய தூய்மையோடு சுத்தம் செய்யப்பட்டதா என்பதற்கு உறுதியில்லை. வெண்கடுகைப் புகைப்பதும் தூவுவதும் நம்மிடம் மிகப் பழைய வழக்கம். போரில் புண்பட்ட வீரனைக் காக்கும் வீட்டில் ஐயவி என்னும் வெண்கடுகைச் சிதறியதைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் சொல்கிறது. சமையலுக்கு வேண்டுமானால், மளிகைக் கடையில் உணவுப் பொருளாக உறையிட்டு விற்கும் மஞ்சள் கடுகை வாங்குங்கள். வங்காள முறைச் சமையலுக்கு அதுவே பொருத்தம்.

கடுகில் கலப்படம் உண்டா? வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

உண்டு, இதில் அலட்சியம் கூடாது. சாலையோரங்களில் மஞ்சள் பூவும் முள்ளிலையுமாக வளரும் பிரமதண்டின் விதை, பார்வைக்குக் கடுகைப் போலவே இருக்கும். அதன் எண்ணெய் நஞ்சு. 1998இல் டெல்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு ஏராளமானோர் உடல் வீங்கி நோயுற்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டிக் கடுகைப் பரப்பி, வெளிச்சத்தில் உருப்பெருக்காடி கொண்டு பாருங்கள். கடுகின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்; பிரமதண்டு விதை சொரசொரப்பாகவும், இன்னும் கறுப்பாகவும் இருக்கும். ஐயம் வந்த விதையை நசுக்கிப் பார்த்தால், கடுகின் உட்புறம் மஞ்சளாகவும் பிரமதண்டின் உட்புறம் வெண்மையாகவும் தெரியும். ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் தூளாக வாங்காமல் முழுக் கடுகாக வாங்கி வீட்டில் அரைப்பதை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் ஒருவருக்குக் கடுகு ஒவ்வாமை இருக்கக்கூடுமா?
– சேலத்திலிருந்து ஒரு வாசகி

இருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு உறையின் மீது கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று. கடுகு உண்ட பிறகு உதடு வீக்கம், தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். தாளித்த கடுகையும் அதுவரை நிறுத்திவிடுங்கள். வயிற்றுப்புண் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் பச்சைக் கடுகின் காரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

கொழும்பில் இருந்த காலத்தில் வினிகரில் அரைத்த கடுகு போட்ட அச்சாறு வாங்கிச் சாப்பிடுவோம். அதை வீட்டில் போட்டுப் பல நாள் வைத்திருக்க முடியுமா?
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

தாராளமாக முடியும். அரைக் கோப்பைக் கடுகைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நீரை வடித்துவிட்டு, நாலைந்து பூண்டுப்பற்கள், ஒரு சிறு துண்டு இஞ்சி, கொஞ்சம் மிளகு ஆகியவற்றோடு கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். அரைத்ததைப் பதினைந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, அதன் பிறகே வினிகர், உப்பு, சிறிது சர்க்கரை சேர்த்து மறுபடி மையாக அரையுங்கள். பல வீடுகளில் தொடக்கத்திலேயே வினிகரில் ஊறவைப்பார்கள். அப்படிச் செய்த சாந்து மென்மையாக இருக்கும், நாள்பட நாள்படத்தான் காரம் தெரியும். முதலில் நீர், பிறகு வினிகர் என்ற வரிசையில் செய்தால் முதல் நாளே மூக்கைத் தொடும். எனக்கு இந்த இரண்டாவது முறையே பிடித்திருக்கிறது.

அச்சாறுக்குச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் ஆகியவற்றை வினிகரில் ஒரு கொதி மட்டும் காட்டி எடுத்து, முற்றிலும் ஆறவிட்டுச் சாந்தில் கலக்குங்கள். சூடாகக் கலந்தால் காரம் ஆவியாகிவிடும். மலாய்க்காரர் முறையில் விதை நீக்கிய பேரீச்சம்பழமும் சேர்த்தால், இனிப்பும் கடுகும் சேர்ந்த அந்தச் சுவைக்காகவே புரியாணி சமைக்கலாம். உலோகப் பாத்திரத்தில் வைக்காமல் கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உலர்ந்த கரண்டியால் எடுத்துவந்தால் சில மாதங்கள் கெடாது. காரம் குறைந்ததாகத் தோன்றும்போது, நீரில் புதிதாகக் குழைத்த ஒரு தேக்கரண்டிக் கடுகுத்தூளைக் கலந்துவிட்டால் பழைய வீரியம் திரும்பிவிடும்.